எட்டு பைட் கணக்கும் பாதியில் நிற்கும் பக்கங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு இணையத்தில் சில பக்கங்கள் உடனே திறந்து, வேறு சில பக்கங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே நின்றால் ரூட்டர் பழுதாகிவிட்டது என்றும், புதிது வாங்குவதே வழி என்றும் தங்கள் ஞாயிறு பதிப்பின் தொழில்நுட்பப் பகுதியில் எழுதப்பட்டிருந்தது. பிபிபிஓஇ முறையில், அதாவது பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து ஈதர்நெட் கம்பி வழியாக, இணையும் வீடுகளில் இந்த அறிகுறியைக் கண்டால், பணப்பையைத் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஓர் எட்டு பைட் கணக்கு. அதைச் சொல்லவே இக்கடிதம்.

நான் பட்டர்வொர்த்தில் வசிப்பவன்; பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் வலையமைப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அக்காள் மகனும் நானும் பழைய கணினி ஒன்றில் யூனிக்ஸ் வகையைச் சேர்ந்த நெட்பிஎஸ்டி இயங்குதளத்தை ஏற்றி, அதில் பிபிபிஓஇ இணைப்பை நாங்களே எழுதிப் பார்த்தோம். அந்த இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் 2002-இல் வந்த 1.6 பதிப்பிலிருந்தே இந்த வசதி உண்டு. இருப்பதை ஏன் மறுபடி எழுதுகிறீர்கள் என்று அக்காள் கேட்டதற்கு எங்கள் இருவரிடமும் உருப்படியான பதில் இல்லை.

பிபிபி என்பது இரண்டே முனைகளுக்கு இடையில் பேசுவதற்கான நெறிமுறை. தொலைபேசி மோடம் காலத்தில் பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அதன் வழியாகத்தான் சென்றன. ஈதர்நெட்டிலோ ஒரே கம்பியில் பலர் இருப்பார்கள். பழைய கணக்கு முறையைக் கைவிடாமல் புதிய கம்பிக்கு மாற விரும்பிய சேவை நிறுவனங்களுக்காக, 1999 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 2516 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வெளிவந்தது. அதன்படி நம் கணினி முதலில் 'யாராவது இருக்கிறீர்களா' என்று பிஏடிஐ என்ற செய்தியை அனைவருக்கும் அனுப்பும். மறுமுனை பிஏடிஓ என்று முன்வரும். நாம் பிஏடிஆர் அனுப்பிக் கேட்போம். அது பிஏடிஎஸ் வழியாக ஓர் அமர்வு எண்ணைத் தரும். இவை பதினறும எண் 8863 என்ற முத்திரையுடன் செல்லும். அதற்குப் பிறகு வரும் தரவெல்லாம் 8864. என் மருமகன் முதல் செய்தியைச் சுருக்கிப் 'பாடி' என்றே சொல்லி வந்தான். ஓர் இரவு அவன் "மாமா, பாடி போயிடுச்சு, இன்னும் ஒருத்தரும் வரலை" என்று கத்த, சமையலறையிலிருந்த என் மனைவி பதறி ஓடிவந்தார். அன்று பதில் வராததற்குக் காரணம், எங்கள் இணைப்புக்குத் தேவையான விஎல்ஏஎன் எண்ணை (ஒரே கம்பியில் செல்லும் வலையமைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) நாங்கள் சேர்க்காமல் விட்டதுதான்.

முதலில் எல்லாவற்றையும் கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரலாகவே எழுதினோம். இணைப்பு வந்தது, ஆனால் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் கெர்னலிலிருந்து எங்கள் நிரலுக்கு ஏறி, மீண்டும் கெர்னலுக்குள் இறங்க வேண்டியிருந்ததால், பெரிய கோப்பு ஒன்றை இறக்கத் தொடங்கியதுமே பழைய கணினி மூச்சு வாங்கியது. லினக்ஸும் இதே பாதையில்தான் வந்தது: தொடக்கத்தில் தனி நிரல், பின்னர் 2.4 கெர்னலில் அமர்வுத் தரவைக் கையாளும் பகுதி உள்ளே. எப்போதாவது நடக்கும் அறிமுகப் பேச்சு வெளியில் இருக்கலாம், ஓயாமல் ஓடும் தரவு உள்ளே இருக்க வேண்டும் என்ற அந்தப் பிரிவினை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இனி எட்டு பைட். ஈதர்நெட் சட்டகம் ஒன்று 1500 பைட் சுமக்கும். பிபிபிஓஇ தலைப்பகுதிக்கு 6, பிபிபி நெறிமுறை எண்ணுக்கு 2 போக மிஞ்சுவது 1492. எங்கள் கணினியில் உட்கார்ந்து ஒரு பக்கத்தைத் திறந்தால் திறந்தது. அதன் வழியாக இணைந்திருந்த பக்கத்து மேசை மடிக்கணினியில் அதே பக்கம் வரவில்லை. ஒரே மேசை விளக்கின் கீழ் இரண்டு திரைகளையும் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் விழித்தோம். பிறகுதான் புரிந்தது. எங்கள் கணினிக்குத் தன் வாசல் 1492 என்று தெரியும்; ஆகவே ஐபி, டிசிபி தலைப்பகுதிகளுக்கு 40 பைட் கழித்து, இணைப்பைத் தொடங்கும்போதே 1452-க்கு மேல் அனுப்பாதே என்று சொல்லிவிடுகிறது. மடிக்கணினிக்கு அது தெரியாததால், 1500-இலிருந்து அதே 40-ஐக் கழித்து 1460 என்கிறது. தொலைவிலுள்ள சர்வர் அதை நம்பி 1500 பைட் பொட்டலத்தைத் துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் அனுப்புகிறது. அது சேவை நிறுவனத்தின் முனையில் நுழைய இடமின்றிக் கைவிடப்படுகிறது. 'சிறிதாக்கி அனுப்பு' என்று திரும்பிச் செல்லும் ஐசிஎம்பி என்ற பிழை அறிவிப்புச் செய்தியைச் சர்வர் பக்கத்துத் தடுப்பரண் விழுங்கிவிட்டால், சர்வர் அதே பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். சிறிய பக்கங்கள் வருவதும் பெரியவை தொங்குவதும் இதனால்தான்.

தீர்வு எளிது. மடிக்கணினி அனுப்பும் தொடக்கப் பொட்டலத்தில் உள்ள 1460-ஐ வழியிலேயே 1452 ஆக்கிவிட வேண்டும். அதை எழுதிய அன்று பொட்டலம் சிதையாமல் வந்ததா என்று பார்க்க உதவும் சரிபார்ப்புத் தொகையைத் திருத்த மறந்ததால், முன்பு திறந்த பக்கங்களும் சேர்ந்து நின்றுபோயின. பிழை முழுக்க என்னுடையது. 2006-இல் வந்த ஆர்எஃப்சி 4638 முழு 1500 பைட்டையும் அனுமதிக்க வழி செய்தது என்றாலும், இரு முனைகளும் ஒப்புக்கொண்டால்தான் அது பலிக்கும்.

ஆகவே தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுக் கடைக்குக் கிளம்பும் வாசகர்களுக்கு இந்தச் சோதனையையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். துண்டாக்காதே என்ற குறியுடன் 1464 பைட் அளவில் ஒரு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பொட்டலம்) அனுப்பிப் பார்க்கலாம்; 28 பைட் தலைப்பகுதிகளைச் சேர்த்தால் சரியாக 1492 வரும். 1464 சென்று 1465 நின்றால், கணக்கு நான் சொன்னதுதான். அதற்குப் பிறகும் சில பக்கங்கள் தொங்கினால், ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் எம்டியு (பொட்டலத்தின் உச்ச அளவு) 1492 என்றும், எம்எஸ்எஸ் (தலைப்பகுதிகள் போக அதில் அடங்கும் தரவின் உச்ச அளவு) என்ற இடம் இருந்தால் அதில் 1452 என்றும் இட்டுவிட்டு, ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வலையமைப்புப் பணியாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு