அது மூச்சு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

'விளையாடும்போது மயங்கி விழுந்த இளைஞர் சாவு' என்று தங்கள் நாளிதழில் நான்கு வரிச் செய்தி ஒன்று வந்திருந்தது. அவன் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன். வயது 19. அன்று மாலை அந்த மைதானத்தில் நானும் இருந்தேன். அந்த நான்கு வரியில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பந்தைத் துரத்திக்கொண்டு ஓடியவன், யாரும் மோதாமலே குப்புற விழுந்தான். கால் இடறிவிட்டது என்றுதான் நினைத்தோம். எழுந்திருக்கவில்லை என்றதும் ஓடிப்போய்த் திருப்பிப் போட்டோம். முகத்தில் தண்ணீர் தெளித்தோம், சட்டையைக் கழற்றி விசிறினோம், பெயரைச் சொல்லிச் சொல்லி உலுக்கினோம். கரையில் போட்ட மீன் போல அவன் வாய் திறந்து திறந்து மூடியது. நடுநடுவே குறட்டை மாதிரி ஒரு சத்தம். "மூச்சு வருது, ஒண்ணும் இல்ல" என்று முதலில் சொன்னவன் நான்தான். அதைக் கேட்டு எல்லாருக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை விசிறிக்கொண்டே இருந்தோம்.

அது மூச்சு இல்லை. அப்புறம் ஒரு டாக்டர் விளக்கினார். இதயம் நின்ற பிறகும் சில நிமிடங்களுக்கு உடம்பு அப்படித் திணறித் திணறி இழுக்குமாம். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு உடனே நெஞ்சை அழுத்த ஆரம்பிக்க வேண்டும். கைமேல் கை வைத்து, நெஞ்சின் நடுவில், ஐந்து சென்டிமீட்டராவது அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. வாயில் ஊதத் தெரியாவிட்டால் பரவாயில்லை, அழுத்துவதை மட்டும் விடக்கூடாது. எதுவும் செய்யாமல் போகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும் என்றார். எங்களுக்கு ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆனது. சுற்றி நின்ற பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் இது தெரியாது.

2021-ல் கோபன்ஹேகனில் நடந்த யூரோ கோப்பை கால்பந்து ஆட்டத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சனும் இப்படித்தான் விழுந்தார். மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள். அடுத்த வருடமே திரும்ப ஆட வந்தார். அங்கே மருத்துவக் குழு பக்கத்திலேயே இருந்தது, சரி. ஆனால் நெஞ்சை அழுத்த ஆரம்பிப்பதற்கு எங்கள் கைகளே போதுமாக இருந்தனவே. அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

சின்ன ஊர். துக்கம் கேட்க வந்தவர்களே ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உடம்பு ஏற்ற ஏதோ பவுடர் சாப்பிட்டானாம், ராத்திரி முழுக்க போன் பார்ப்பானாம், காதல் விவகாரமாம். எல்லாம் அவன் அம்மா காதில் விழுந்தது. பிரேதப் பரிசோதனையில் தெரிந்ததோ வேறு: இதயத்தின் தசைச் சுவர் தடித்திருந்தது. பெரும்பாலும் குடும்ப வழியில் வருகிற கோளாறு. இரண்டு மாதத்துக்கு முன் ஓடும்போது ஒருமுறை மயங்கி விழுந்திருக்கிறான். வெயில் என்று விட்டுவிட்டோம். ஓடும்போது வருகிற மயக்கத்தை அப்படி விடவே கூடாதாம்.

பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணுக் கோளாறு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். காரணம் கேட்டுத் துளைத்தவர்களில் ஒருவர்கூட, முதலில் இவளுக்கு ஈசிஜியும், இதயத்தை ஸ்கேன் செய்கிற எக்கோவும் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படி ஒரு செய்தி போடும்போது, நெஞ்சை எப்படி அழுத்துவது என்பதையும் படத்தோடு பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். எங்கள் மைதானத்தில் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நர்ஸ் வந்து கற்றுக்கொடுத்தார். அன்று கூட நின்றவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தங்கைக்கு வருகிற வாரம் எக்கோ எடுக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்