சனிக்கிழமை சாணை வேலை: முகமூடி பற்றி

பட்டறை நண்பர்களுக்கு வணக்கம். சனிக்கிழமை நம் சுங்கை சிப்புட் பட்டறைக்குப் பாராங் (நீண்ட வெட்டுக்கத்தி) தீட்ட வருபவர்கள் துணி முகமூடியோ நீல நிற மருத்துவ முகமூடியோ கொண்டுவர வேண்டாம். ஓர இடைவெளி வழியே இரும்புத் தூள் உள்ளே போய்விடும். ஒரு நாள் வேலைக்கு என்95 வகை முகமூடி போதும், அது 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 95 விழுக்காட்டையாவது தடுக்கும். வாராவாரம் சாணை பிடிப்பவர்கள் ரப்பர் அரைமுகக் கவசமும் பி100 வடிகட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள், அது 99.97 விழுக்காட்டைத் தடுக்கும். தாடி இருந்தால் இரண்டுமே முகத்தில் சரியாக ஒட்டாது. (நான் தாடியை எடுத்து மூன்று மாதமாகிறது, வீட்டில் யாரும் வருந்தவில்லை.) கத்திக்குப் பிடி ஒட்டும் எப்பாக்சி பசையின் ஆவியை இவை தடுக்கா, அதற்கு ஆவி வடிகட்டி தனியாக வேண்டும். இயந்திரம் நின்றவுடன் கவசத்தைக் கழற்றிவிடாதீர்கள். நுண்தூள் வெகுநேரம் காற்றில் மிதக்கும்.