டிவி சத்தத்தை நிறுத்துங்கள், எங்கள் பாட்டை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்

தமிழ்நாட்டில் டயாலிசிஸ் மையம் நடத்துகிற நிர்வாகிகளுக்கும் டாக்டர்களுக்கும்,

வணக்கம். நான் தையல்காரன். வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணி ஷிஃப்டில், நாலு நாலு மணி நேரம் மெஷினில் கிடக்கிறவன். ஆறு வருடமாக இதுதான் பிழைப்பு. கணக்குப் போட்டால் வருடத்துக்கு 624 மணி நேரம் வருகிறது, முழுசாக 26 நாள். அந்த 26 நாளும் என் காதில் என்ன விழ வேண்டும் என்று முடிவு செய்வது சுவரில் மாட்டியிருக்கும் டிவி. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் போகும் மையத்தின் பெயர் வேண்டாம். நல்ல மனிதர்கள். காப்பீட்டு அட்டையைக் காட்டினால் ஒரு ரூபாய் கேட்பதில்லை, ஊசி போடும்போது கை நடுங்குவதில்லை. ஆனால் டிவி? காலையில் சுப்ரபாதம், அப்புறம் ராசிபலன், எட்டு மணிக்கு முந்தைய இரவு விவாதத்தின் மறுஒளிபரப்பு. நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ரிமோட் டெக்னீஷியன் தம்பியின் மேல் பாக்கெட்டில் இருக்கும். எனக்கு இடது கையில் இரண்டு தடித்த ஊசி, வலது கையில் பிபி பட்டை. எழுந்துபோய் நிறுத்த வழியில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன். "எல்லாரும் பாக்குறாங்கண்ணே" என்றான். திரும்பிப் பார்த்தேன். பத்து பெட்டில் எட்டு பேர் கண்ணை மூடிப் படுத்திருந்தார்கள்.

மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்று சட்டம் சொல்கிறது. பகலில் 50 டெசிபல், இரவில் 40. வெளியே ஹாரன் அடிக்காதே என்று போர்டு வைத்திருக்கிறோம். ஆட்டோக்காரர் அதை மதிக்கிறார்.

போன வருடம் என் மகள் ஒரு இயர்போன் வாங்கித் தந்தாள். நர்சிங் படிக்கிறாள். என் போனில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தை ஏற்றிக் கொடுத்தாள். முப்பது வருடம் கடையில் ரேடியோவோடு தைத்தவன் நான். காது சும்மா இருந்தால் எனக்குக் கை ஓடாது. மெஷினில் படுத்த பிறகு அந்தப் பழக்கமே விட்டுப்போயிருந்தது. முதல் நாள் ரகளைதான். வயர் மெஷினுக்கு ரத்தம் போகும் டியூபோடு பின்னிக்கொண்டது, சிஸ்டர் பதறிப்போய்ப் பிரித்துவிட்டார். பிறகு வயரை வலது தோள் பக்கமாகக் கொண்டுவந்து சட்டையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினார். அன்றைக்கும் கடைசி மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, அதில் மாற்றமில்லை. ஆனால் மெஷின் திரையில் இன்னும் எத்தனை நிமிடம் என்று அன்று நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மற்ற நாட்களில் அதைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

பாட்டு கேட்டால் கிட்னி சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. இந்த ராகம் பிரஷருக்கு, அந்த ராகம் சர்க்கரைக்கு என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் வருகிறது. அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவரையும் பார்த்திருக்கிறேன். நான் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம், ஆனால் ஆதாரம் உள்ள விஷயம். மகள் படித்துச் சொன்னதைச் சொல்கிறேன். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் நடந்த 73 ஆய்வுகளை, கிட்டத்தட்ட ஏழாயிரம் பேர், ஒன்றாகச் சேர்த்து 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இசை கேட்டவர்களுக்கு வலி குறைந்தது, பதற்றம் குறைந்தது, வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. சீக்கிரம் வீட்டுக்குப் போனார்களா என்றால், இல்லை. அதையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். டயாலிசிஸ் நோயாளிகளிடமும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சிறியவைதான், ஆனால் பதற்றமும் ஊசி வலியும் குறைவதாகவே பல சொல்கின்றன.

என்ன பாட்டு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் பக்கவாதம் வந்தவர்களுக்குத் தினமும் பாட்டு கேட்கக் கொடுத்தார்கள், இரண்டு மாதம். 2008இல் முடிவு வந்தது. ஒலிப்புத்தகம் கேட்டவர்களைவிடப் பாட்டு கேட்டவர்களுக்கு ஞாபகசக்தி நன்றாகத் தேறியிருந்தது. அந்தப் பாட்டுகள் அவரவருக்குப் பிடித்தவை. கனடாவின் மொன்றியலில் நடந்த இன்னொரு ஆய்வு 2011இல் வந்தது. அங்கும் ஆட்கள் தங்களுக்குப் புல்லரிக்கும் இசையைத் தாங்களே கொண்டுவந்தார்கள். புல்லரிக்கும் இடம் வரும்போது மட்டுமல்ல, வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே மூளையில் டோபமின் என்ற, இன்பத்தோடு தொடர்புள்ள ரசாயனம் சுரந்ததாம். எனக்கு இதைப் படிக்கவே வேண்டாம். காருகுறிச்சியார் மூச்சைப் பிடித்து மேலே ஏறும் இடம் எனக்கு அத்துப்படி. அதற்கு ரெண்டு நிமிடம் முன்னாலேயே என் கால் கட்டைவிரல் ஆட ஆரம்பித்துவிடும். அடுத்தவர் தேர்ந்தெடுத்துப் போடுகிற பாட்டில் அந்தக் காத்திருப்பு எங்கிருந்து வரும்?

அதனால்தான் இந்த வேண்டுகோளைக் கேட்டுவிட்டு, ஹாலுக்கு நாலு ஸ்பீக்கர் வாங்கி வீணை இசை போட்டுவிடாதீர்கள். டிவி போய் ஸ்பீக்கர் வந்தால் எங்களுக்கு என்ன வித்தியாசம்? ஏழாவது பெட்டில் இருக்கும் பையனுக்குக் கானா வேண்டும். ஐந்தாவது பெட் அண்ணன் லாரி ஓட்டியவர், இருபது வருடம் இன்ஜின் சத்தம் கேட்டுச் சலித்தவர், ஒன்றும் வேண்டாம், தூங்கவிடு என்கிறார். அதுவும் நியாயம்தான். இத்தாலியில் 24 பேருக்கு வெவ்வேறு இசையைப் போட்டு 2006இல் பார்த்ததில், வேகமான இசை மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது. பாட்டுக்கு நடுவே ரெண்டு நிமிடம் சும்மா விட்டபோதுதான் உடம்பு நன்றாகத் தளர்ந்தது.

உங்களுக்குப் பெரிய செலவு ஒன்றும் கிடையாது. டிவி ஓடட்டும், சத்தமில்லாமல் ஓடட்டும். முதல் நாள் படிவத்தில் ஒவ்வாமை கேட்கிற இடத்துக்குக் கீழே, என்ன கேட்கப் பிடிக்கும் என்று ஒரு வரி சேருங்கள். வசதியில்லாதவர்களுக்கு இயர்போன் கொடுங்கள். என் கடையில் ஒரு ஜாக்கெட் தைக்கிற கூலிதான் ஆகும். ஆளுக்கு ஒன்று கொடுங்கள், ஒருவர் மாட்டியதை இன்னொருவருக்கு மாட்ட வேண்டாம். ஒரு காதில் மட்டும் மாட்டச் சொல்லுங்கள், மெஷின் அலாரம் அடித்தாலும் சிஸ்டர் கூப்பிட்டாலும் கேட்க வேண்டும் இல்லையா. சத்தத்தையும் பாதிக்கு மேல் வைக்க விடாதீர்கள். எங்களில் சிலருக்கு ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் ஊசியால் காது மந்தம்.

இன்னொன்று. ஊசி போடுவதற்காக ரத்த நாளங்களை இணைத்துத் தைத்த ஃபிஸ்டுலா கையைத் தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். அதிர்வு இருந்தால் சரி, நின்றால் உடனே ஓடி வா என்று. ராத்திரி அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தால் காதுக்குள் 'ங்ங்' என்று ஒரு சத்தம் கேட்கும், தம்புரா மாதிரி. வீட்டில் கேட்கிறது. மையத்தில் கேட்டதே இல்லை.

வியாழக்கிழமை மறுபடி என் முறை. அந்த ரிமோட்டில் மியூட் பொத்தான் இடது மூலையில், சிவப்புப் பொத்தானுக்கு நேர் கீழே இருக்கிறது. மூன்றாவது பெட்டிலிருந்து பார்த்தாலே தெரிகிறது.

இப்படிக்கு,
மூன்றாவது பெட், காலை ஷிஃப்ட்