அண்ணனுக்கு, நாலு பேர் பார்க்க ஒரு கடிதம்

அண்ணே,

வரும் ஞாயிறு சாயங்காலம் மன்னார்குடியில் மனிதநேயர் மன்றக் கிளையைத் தொடங்குகிறோம், சாமியும் சடங்கும் வேண்டாம் என்று வாழ்கிறவர்களுக்காக. டியூஷன் சென்டர் மாடியில், ஐந்து மணிக்கு. அப்பா நினைவு நாள் என்பதால்தான் அந்தத் தேதி. நீ பஞ்சாங்கம் பார்த்துத் திதி கொடுக்கிற நாள் வேறு, ரெண்டும் மோதாது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள். சங்கடம்தான். ஆனால் அன்றைக்கு நடந்ததும் அவர்கள் முன்னால்தானே?

ஃப்ரீசர் பெட்டி மூடியைத் தூக்கி, கறுப்புச் சட்டையோடு கிடந்தவர் நெற்றியில் திருநீறு பூசினாய். நான் துண்டால் துடைத்தேன். மறுபடி பூசினாய். நெற்றி ஈரமாக இருந்ததால் அது சுண்ணாம்பு மாதிரி குழைந்து புருவத்தில் இறங்கியது. அத்தை அழுகையை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார். அப்புறம் நான் துடைக்கவில்லை. அத்தை முன்னால் உன் கையைத் தட்டிவிட்டதற்கு மன்னித்துக்கொள். துடைத்ததற்குக் கேட்க மாட்டேன்.

அப்பா கையெழுத்துப் போட்ட உடல் தானப் படிவம் உன் சட்டைப் பையிலேயே இருந்தது. பெற்ற பிள்ளை சம்மதிக்காத உடலை மருத்துவக் கல்லூரியில் வாங்கத் தயங்குவார்கள் என்பதும் உனக்குத் தெரியும். சரி, அந்த ராத்திரி பங்காளிகள் உன்னிடம் என்ன பேசினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதை இங்கே எழுத வேண்டாம். உன் பக்கம் நிற்க ஒருத்தர் இல்லை. நான் வந்து சேர்வதற்குள் விடிந்துவிட்டது.

கிளைக்கு முதல் வேலையே அதுதான். சடங்கு வேண்டாம் என்று எழுதி வைத்தவர் வீட்டில் சாவு விழுந்தால் நாலு பேர் போய் நிற்பது, ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க ஆள் வரவழைப்பது, கல்லூரிக்குப் போன் போடுவது, வாசலில் கூடுகிறவர்களுக்குப் பதில் சொல்வது. மேடைப் பேச்சுக்குப் பெரியார் காலத்திலிருந்தே நம் பக்கம் பஞ்சமில்லை.

அப்பா அம்மா கல்யாணம் 1966-இல், ஐயர் இல்லாமல் நடந்தது. சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்ற சட்டம் 1968 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது, பழைய கல்யாணங்களுக்கும் சேர்த்து. நீ அதற்கு முந்தின வருஷமே பிறந்துவிட்டாய். உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனபோது ஊர் பேசியதை எல்லாம் அப்பா வாங்கிக்கொண்டார். உன்னால் அவருக்காக ஒரு ராத்திரி தாங்க முடியவில்லை.

சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும். உனக்காகக் காத்திருக்கவில்லை, ஏழு பேரும் சேர்ந்தாயிற்று. ஏழாவது கையெழுத்து யாருடையது என்று இங்கே போட மாட்டேன். அண்ணியிடம் கேட்டுக்கொள்.