உலர்பனிப் பெட்டியை ஒரே நாளில் விடுவியுங்கள்

மதிப்புக்குரிய விமான நிலையச் சரக்குப் பிரிவு சுங்க அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்தப் பெட்டி என்று சொல்ல வேண்டியதில்லை, எங்கள் ஆய்வுக்கான உறைந்த செல்களை உலர்பனியில், அதாவது உறைய வைத்த கரியமில வாயுவில், வைத்து அனுப்பிய பெட்டி, உங்கள் கிடங்கில் ஒன்பது நாள் கிடந்ததுதான். கேட்ட தாள்களை முதல் நாளே கொடுத்தோம், அப்புறம் அதே தாள்களை இன்னும் இரண்டு தடவை கொடுத்தோம்.

பெட்டி கைக்கு வந்தபோது உலர்பனி ஒரு துண்டுகூட இல்லை. உறைந்திருக்க வேண்டிய குப்பியில் இளஞ்சிவப்புத் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. மனசு கேட்காமல் டிரிப்பான் புளூ சாயம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். உயிருள்ள செல் அந்தச் சாயத்தை உள்ளே விடாது. பார்த்த இடமெல்லாம் நீலம்.

செல்லுக்கு எலும்புக்கூடாக இருக்கும் நுண்குழல்கள் பச்சையாக ஒளிரும்படி செய்த செல்கள் அவை. உதட்டோரம் கொப்புளம் போடும் ஹெர்ப்பீஸ் வைரஸ், செல்லுக்குள் நுழைந்ததும் டைனீன் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு இந்தக் குழல்கள் வழியாகத்தான் உட்கருவுக்குப் போகிறது. நோக்கோடசோல், கோல்சிசின் மாதிரி மருந்துகள் அந்தத் தண்டவாளத்தையே கலைத்துவிடும். ஆனால் செல் இரண்டாகப் பிரியவும் அதே குழல்கள் வேண்டும், அளவு கூடினால் மருந்தே நஞ்சு. எந்த அளவில் வைரஸ் நின்று செல் பிழைக்கும் என்று கண்ணால் பார்க்கத்தான் அந்தக் குப்பியை வரவழைத்தோம். தயவுசெய்து இப்படிப்பட்ட பெட்டிகளை 24 மணி நேரத்துக்குள் விடுவியுங்கள்.

கொரோனாவுக்குச் சாபிசாபுலின் என்று இதே வகை மருந்து ஒன்றைச் சோதித்தார்கள். 2022இல் வெளியான இடைக்கால முடிவில் 60 நாளுக்குள் இறந்தவர்கள் மருந்து எடுத்தவர்களில் 20.2 சதவீதம், எடுக்காதவர்களில் 45.1 சதவீதம். ஆனாலும் சோதனை சிறியது, சந்தேகங்கள் தீரவில்லை, 2023இல் அமெரிக்காவில் அவசர அனுமதி கிடைக்கவில்லை. இந்தச் சந்தேகங்களை ஆய்வுக்கூடத்தில்தானே தீர்க்க முடியும்? கோல்சிசின் எடுக்கும் கண்வலிக்கிழங்கு விதை ஒட்டன்சத்திரம், மூலனூர் தோட்டங்களில் விளைந்து வெளிநாட்டுக்குப் போகிறது. அதை வைத்துச் செய்யும் ஆராய்ச்சியும் வெளிநாட்டில்தான் நடக்க வேண்டுமா? எங்களுக்குக் கை இல்லையா, மூளை இல்லையா? ஒவ்வொரு தடவையும் ஒரு முத்திரைக்காக ஆறு மாத வேலையை ஏன் பறிகொடுக்க வேண்டும்?

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சோதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, சோதிப்பது உங்கள் கடமை. உலர்பனி என்று எழுதிய பெட்டியை மட்டும் ஒரே நாளில் பார்த்து முடியுங்கள். முடியாவிட்டால் உலர்பனி நிரப்பவாவது எங்களை உள்ளே விடுங்கள்.

அடுத்த பெட்டி வரும் வாரம் வருகிறது. என் கைபேசி எண்ணைப் பெட்டி மேலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பேன்.

இப்படிக்கு,
வைரஸ் ஆய்வு மாணவி ஒருத்தி