கட்டி கண்ட வான்கோழியைப் புதைப்பதற்கு முன்

கொழும்பிலும் சுற்றுவட்டாரத்திலும் வான்கோழி வளர்ப்போருக்கு,

நத்தாருக்கென வளர்க்கும் பறவைகள் நான்கைந்து மாதத்தில் மெலிந்து சாகலாம். அறுத்துப் பார்த்தால் கல்லீரலும் மண்ணீரலும் வீங்கி, வெளிர் சாம்பல் கட்டிகள் தெரியலாம். அப்போது தயவுசெய்து அன்டிபயோட்டிக்கில் காசைக் கொட்டாதீர்கள். காரணம் வைரஸ் என்றால் அது எதையும் செய்யாது.

இந்தக் கட்டிகள் நிணநீர்க் கலங்களின் (நோயை எதிர்க்கும் வெண்கலங்களின்) பெருக்கம். தன் மரபணுவைப் பறவையின் கலங்களின் மரபணுவில் செருகும் ரெட்ரோவைரஸ் வகையைச் சேர்ந்த ரெட்டிகுலோஎண்டோதீலியோசிஸ் வைரஸ் இதற்கு முக்கிய காரணி; 1950களின் இறுதியில் ஒரு வான்கோழியிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. 1970களில் பிரித்தானியப் பண்ணைகளில் விவரிக்கப்பட்ட லிம்போப்ரொலிஃபரேட்டிவ் நோய் இன்னொரு ரெட்ரோவைரஸால் வருவது. அதில் மண்ணீரல் மிகப் பெருத்து, சலவைக்கல் போல் வரியோடும். கோழிகளில் வேறொரு வகை வைரஸால் கட்டிகளை உண்டாக்கும் மாரெக்ஸ் நோய் வான்கோழியில் அரிது, ஆனால் வரும். இரண்டு ரெட்ரோவைரஸ் நோய்களுக்கும் மருந்தில்லை, விற்பனைக்குத் தடுப்பூசியுமில்லை.

கண்ணால் மட்டும் பார்த்து எவராலும் இவற்றை உறுதியாகப் பிரித்தறிய முடியாது. ஒட்டுண்ணியால் வரும் கரும்தலை நோயிலும் ஈரலில் வட்டப் புள்ளிகள் விழும். ஆனால் அதில் குருட்டுக்குடல் தடித்து, உள்ளே கெட்டியான திரள் இருக்கும். காசநோயும் ஈரலில் முடிச்சுகளை உண்டாக்கும். ஆகவே மாதிரி எடுப்பதுதான் முக்கியம், பெரும்பாலும் கெட்டுப்போவதும் அங்கேதான். பறவை செத்துச் சில மணி நேரத்துக்குள் கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், பேர்சா (எச்சத்துவாரத்தை ஒட்டியுள்ள நிணநீர் உறுப்பு), தொடை நரம்பு ஆகியவற்றிலிருந்து ஐந்து மில்லிமீற்றருக்கு மேற்படாத தடிப்பில் துண்டுகள் வெட்டுங்கள். அவற்றைப் போட்டுவைக்கும் கரைசலுக்குக் கடைப் போர்மலின் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு; கரைசல் துண்டுகளைப் போல் பத்து மடங்கு இருக்கட்டும். தடித்த துண்டென்றால் நடுப்பகுதி அழுகிவிடும். உறையவைத்தால் ஐஸ் பளிங்குகள் கலங்களைக் கிழித்துவிடும். வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கு மண்ணீரலில் ஒரு துண்டைத் தனிப் போத்தலில், போர்மலின் படாமல், ஐஸில் வையுங்கள். அரச கால்நடை வைத்தியர் ஊடாக ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம்.

முடிவு வரும்வரை அந்த மந்தையின் முட்டைகளை அடைவைக்க வேண்டாம்; சிறு விகிதத்திலாவது வைரஸ் முட்டைவழி குஞ்சுக்குப் போகும். நாட்டுக்கோழியுடன் சேர்த்து வளர்ப்பதையும் நிறுத்துங்கள். நுளம்பும் பரப்பக்கூடும் என்பதால் கூட்டைச் சுற்றித் தேங்கிய நீரை அகற்றுங்கள். இந்த ரெட்ரோவைரஸ்கள் பறவைக்கு வெளியே நெடுநாள் தாங்கா. இவற்றுக்கு எச்சத்தை வழித்து, சவர்க்காரத்தால் கழுவி, பின் கிருமிநாசினி தெளித்தால் போதும்.

அம்மைத் தடுப்பூசி வாங்கும்போது அந்தத் தொகுதி ரெட்டிகுலோஎண்டோதீலியோசிஸ் வைரஸ் இல்லையெனப் பரிசோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். வெளிநாடுகளில் மாசுபட்ட தடுப்பூசிகளாலேயே இது பரவியதுண்டு. அம்மை வைரஸின் மரபணுவிலேயே இதன் மரபணு ஒட்டிக்கொள்ளும் என்பதால் இந்தக் கேள்வியை விட்டுவிடக் கூடாது.

இவ்வைரஸ்கள் மனிதருக்கு நோய் தருவதாகச் சான்றில்லை. ஆனாலும் கட்டி கண்ட பறவையை இறைச்சிக்கு விற்காதீர்கள்.

கோழியின நோய்களைக் கவனிக்கும் கால்நடை வைத்தியர்கள்,
கொழும்பு