காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் எழுதுங்கள்

சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களை நடத்துபவர்களுக்கும், புது டிரைவர்களைப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

டிரைவர் கிடைப்பதில்லை என்று எல்லாக் கூட்டங்களிலும் சொல்கிறீர்கள். இளைஞர்கள் வரத் தயங்குவதால் இப்போது உங்கள் பார்வை எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. வேறு தொழிலில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, வேலை போனதாலோ பிள்ளைகள் தலையெடுத்துவிட்டதாலோ, நாற்பத்தைந்து ஐம்பது வயதில் கனரக வாகன உரிமம் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் நாங்கள். 'வயது ஒரு தடையில்லை' என்று விளம்பரத்தில் போடுகிறீர்கள். நல்ல விஷயம். நானும் அப்படி வந்தவன்தான். அதற்கு முன்பு கணக்குப் பிரிவில் இருந்தேன். வரவு செலவு பார்த்தே பழகிய கண்ணோடு இந்தத் தொழிலைப் பார்த்தபோது, ஒரு பெரிய செலவு எந்த ஏட்டிலும் ஏறாமல் இருப்பது தெரிந்தது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

எங்களைப் போன்றவர்கள் சேர்ந்துவிட்டு வேலையை விட்டுப் போவதற்குக் காரணம், வண்டி ஓட்டத் தெரியாததுதான் என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். பழக நாளாகிறது என்பது உண்மை. வருடக்கணக்கில் கார் ஓட்டிய கைக்கு டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது தலைகீழ்ப் பாடம். பின்பக்கம் இடதுபுறம் போக வேண்டுமென்றால் ஸ்டீயரிங்கை வலதுபுறம் திருப்ப வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சுலபமாக ஒரு வழி சொன்னார்: ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள், டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்து. சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வா, யார் ஹாரன் அடித்தாலும் கவலைப்படாதே என்றும் சொன்னார்.

ஏர் பிரேக்கும் அப்படித்தான். காற்றழுத்தம் தேவையான அளவுக்கு ஏறினால்தான் பார்க்கிங் பிரேக் விடும்; அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தானாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மலை இறக்கத்தில் இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினே வேகத்தை அடக்கும்படி எஞ்சின் பிரேக்கில் விட வேண்டும். கால் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே போனால் சக்கரத்தின் பிரேக் டிரம் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடிப்பு குறையும். டிரெய்லரை மாட்டியதும், அதை முன்வண்டியோடு பிணைக்கும் கிங்பின் பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். அப்புறம் டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடியே வண்டியை மெல்ல முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். இதிலெல்லாம் வயதானவர்கள் நல்ல மாணவர்கள். வண்டியைச் சுற்றி வர அலுத்துக்கொள்வதில்லை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படுவதில்லை. குனிந்து நிமிரும்போது முட்டி முனகும், அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் ஏன் போய்விடுகிறார்கள்? பெரிய குடோன் ஒன்றின் வாசலில் ஒரு பகல் உட்கார்ந்து பாருங்கள். காலை எட்டு மணிக்கு லோடு என்று வரச் சொல்லியிருப்பார்கள். கேட்டில் பேப்பரைக் கொடுத்தால், "வண்டியிலேயே இருங்க, கூப்பிடுறோம்" என்று பதில் வரும். எஞ்சினை அணைக்கச் சொல்வார்கள். எங்கேயும் போக முடியாது, வரிசை நகர்ந்தால் இடம் போய்விடும். கண்ணை மூடவும் முடியாது, எந்த நிமிஷம் கதவைத் தட்டுவார்களோ தெரியாது. கழிப்பறை எங்கே என்று கேட்டால், அது ஊழியர்களுக்கு மட்டும் என்று எழுதிய பலகையைக் காட்டுவார்கள். பகல் இப்படியே கழிந்து, சாயங்காலம் லோடு ஏறி, கதவைச் சீல் வைத்ததும் உங்கள் ஆபீசிலிருந்து போன் வரும்: "காலையில டெலிவரி, பார்த்துக்கங்க."

தூரத்துக்கு இவ்வளவு, டிரிப்புக்கு இவ்வளவு என்று சம்பளம் பேசியிருந்தால், அந்தப் பகலுக்கு மதிப்பு ஒன்றுமில்லை. சக்கரம் சுற்றினால் பணம், நின்றால் கிடையாது. பழைய தொழில் புத்தியில் சொல்கிறேன்: ஒரு செலவை யாரும் ஏட்டில் எழுதவில்லை என்றால், அதை யாரோ சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே கட்டுகிறவர் டிரைவர். வாசலில் வண்டி நிற்பதால் குடோன்காரருக்குக் காசு நஷ்டமில்லை, அதனால் அவருக்கு அவசரமும் இல்லை. வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வாரோ என்று அவரிடம் காத்திருப்புக் கட்டணம் கேட்க நீங்கள் யோசிக்கிறீர்கள். கேட்டு வாங்குகிறவர்களிலும் அதை டிரைவர் கையில் கொடுப்பவர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன்.

இருபது வயதில் முதல் வேலையாக வருகிற பையன், தொழில் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வான். வருகைப் பதிவேட்டையும் ஓவர்டைமையும் பார்த்துவிட்டு வருகிறவர், 'நீங்கள் சொன்ன இடத்தில் நான் நிற்கும் நேரம் யாருடையது?' என்று கேட்பார். பதில் வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பிழைக்க இன்னொரு தொழில் அவர் கையில் இருக்கிறது.

பணத்தைவிடப் பெரிய விஷயம் தூக்கம். 1997-இல் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கண்-கை ஒருங்கிணைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்பது அதன் சாரம். பல நாடுகளில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான சட்ட வரம்பே அதுதான். காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலெல்லாம் வாசலில் காத்திருந்து, இரவு பதினொன்றுக்கு நெடுஞ்சாலையில் போகிறவரைக் கணக்குப் பாருங்கள். சரியாக 17 மணி நேரம். ஆனால் வண்டிகளைக் கண்காணிக்கும் உங்கள் ஆபீஸ் திரையில் அவர் இன்று ஓட்டியது மூன்று மணி நேரம்தான் என்று பச்சை நிறத்தில் தெரியும். அதற்குப் பிறகு வருவதுதான் நள்ளிரவு இரண்டிலிருந்து விடியற்காலை ஆறு வரையான நேரம். எந்த வயதுக்காரருக்கும் உடம்பு தானாகத் தூக்கத்துக்கு இழுக்கிற வேளை.

சட்டம் போட்டவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதிப்படி, நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை எடுக்க வேண்டும்; நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். அதே விதியின் 10-ஆம் பிரிவு, சாலைப் பாதுகாப்புக்குக் கேடு வரும்படி தூரத்தையோ சரக்கின் அளவையோ வைத்துச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1979-இலேயே 153-ஆம் உடன்படிக்கையில், டிரைவர் தன் விருப்பப்படி செலவழிக்க முடியாத காத்திருப்பு நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிடலாம் என்று எழுதி வைத்தது. அதை ஏற்றுக்கொண்ட நாடுகள் குறைவு.

அமெரிக்காவில் சரக்கு லாரிக்கு 11 மணி நேரம் ஓட்ட அனுமதி உண்டு. ஆனால் வேலையைத் தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் அதை முடித்துவிட வேண்டும். கேட்டில் சும்மா காத்திருப்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது. 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான வண்டிகளில் மின்னணுக் கருவிதான் நேரத்தைக் குறிக்கிறது. நல்ல விதி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் மைல் கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு, வாசலில் ஐந்து மணி நேரம் கரைந்தால் ஓட்ட மிச்சமிருப்பது ஒன்பதுதான். விட்டதைப் பிடிக்க அவர் எங்கே அவசரப்படுவார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐரோப்பிய லாரிகளில் டிரைவரின் நேரத்தைப் பதிவு செய்யும் டேகோகிராஃப் கருவியில் நான்கு சின்னங்கள் உண்டு. ஓட்டுவதற்கு ஸ்டீயரிங், மற்ற வேலைக்குக் குறுக்காக வைத்த இரண்டு சுத்தியல், ஓய்வுக்குக் கட்டில். நான்காவது, குறுக்கே கோடு போட்ட ஒரு சதுரம்; கூப்பிட்டால் வரத் தயாராகக் காத்திருக்கும் நேரத்துக்கானது. கருவி அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. உங்கள் சம்பளச் சீட்டில்தான் அந்த வரி இல்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வண்டி கேட்டுக்குள் போன நேரமும் வெளியே வந்த நேரமும் டெலிவரி பேப்பரிலேயே எழுதப்பட்டு, குடோன் பக்கத்திலிருந்து ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். முதல் ஒரு மணி நேரத்தை விட்டுவிடுங்கள், தாமதம் யாருக்கும் வரும். அதற்கு மேல் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் டிரைவருக்குக் கூலி போக வேண்டும். காத்திருந்த நேரத்தைச் சேர்த்துப் பார்த்து, டெலிவரி நேரத்தைத் தள்ளிப்போடும் அதிகாரம் உங்கள் ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்கு இருக்க வேண்டும்.

பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய டிரைவர் பின்னால் பெர்த்தில் குறட்டை விட, புதியவர் தனியாக இரவு முழுக்க ஓட்டுவதைப் பயிற்சி என்று சொல்லாதீர்கள். அது குறைந்த சம்பளத்தில் வண்டியை நிற்காமல் ஓட்டும் ஏற்பாடு. பக்கத்து சீட்டில் விழித்திருந்து சொல்லிக்கொடுப்பவருக்கு அதற்கென்று தனிச் சம்பளம் கொடுங்கள்.

குறட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் வயதில் தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு பலருக்கு இருக்கும். மூக்கில் மாட்டும் மூச்சுக் கருவியால் பெரும்பாலும் கட்டுக்குள் வைக்கலாம். ஆனால் சொன்னால் வேலை போய்விடும் என்று மறைக்கிறார்கள். பரிசோதனைச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டு, சிகிச்சையில் கட்டுக்குள் வந்ததும் அதே வண்டியைத் தருவோம் என்று எழுதிக் கொடுங்கள். பாதிப் பேர் தாங்களாகவே வந்து சொல்வார்கள்.

இதற்கெல்லாம் கட்டுப்படியாகாது என்பீர்கள். கட்டுப்படியாகுமா ஆகாதா என்று பார்க்கக் கையில் ஒரு கணக்காவது வேண்டுமே. ஒரு மாதத்துக்கு உங்கள் டிரைவர்கள் எல்லாரையும் கேட் நேரத்தைக் குறித்து வரச் சொல்லுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் என்ன தொகை போடுவது என்பது அந்தக் காகிதங்களிலேயே கிடைத்துவிடும். கூட்டிப் போட ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், அந்த வேலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்கு மட்டும் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
கணக்கு ஏட்டை மூடிவிட்டு லாரி ஓட்ட வந்தவன்